இரண்டாம் நாள் திறந்த கதவு

ஷாதிபூர், போர்ட் பிளேர்
1-6-1963

துரைசாமி அவர்களுக்கு மீனாம்பாள் எழுதுவது.

'அவர்களுக்கு' என்று போட்டதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அண்ணி கொழுந்தனுக்கு எப்படி எழுதுவாள் என்று எனக்கும் தெரியும். இரண்டு வருஷமாக ஒரு வரி போடாதவருக்கு இந்த மரியாதையே போதும்.

காரியத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் கட்டிய கண்ணாடிச் சூளையை மறுபடி மூட்டப் போகிறேன். வடக்கே ரங்கத் ஊருக்குப் பயணிகளை ஏற்றி லாஞ்ச் விடுகிற பக்தவத்சலம் வந்திருந்தார். லாஞ்சின் பக்க விளக்குகளுக்குப் புதுக் கண்ணாடி வேண்டுமாம். மாற்றுக்கும் சேர்த்து, இடப்பக்கத்துக்குச் சிவப்பு ஆறு, வலப்பக்கத்துக்குப் பச்சை ஆறு. "உங்க வீட்டுக்காரர் கண்ணையா செஞ்சு குடுத்த மாதிரி உங்களால முடியுமாம்மா? இல்லேன்னா அந்த இடத்தை எனக்கே குடுத்துடுங்க, சரக்கு வைக்கக் கோடவுன் கட்டிக்கிறேன்" என்றார். முடியும் என்றேன். சூளை நிற்கிற இடம் அவருடையதுதானே. சரியாக வந்தால் சூளை என் கையில். வராவிட்டால் அவர் கோடவுன். அவ்வளவுதான் பேச்சு.

வேலை எனக்குத் தெரியும். அடியில் நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடித் தகடு, மேலே நிறக் கண்ணாடியைப் பொடித்துப் பரப்பி, இரண்டும் உருகி ஒன்றாக ஒட்டும்வரை சூடு, அப்புறம் ஆறவிடுவது. பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். தெரியாதது எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்பதுதான். அது அவருடைய சூளை நோட்டில் இருக்கிறது. நோட்டு உங்களிடம் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கப்பலேறினீர்களே, பெட்டிக்குள் என்ன போனது என்று எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். நோட்டை நீங்களே வைத்துக் கும்பிடுங்கள்.

சிவப்புத் தகடு அவர் வாங்கி வைத்தது ஒரு பெட்டி இருக்கிறது. பச்சைக்குத்தான் தவித்தேன். அதுவும் கிடைத்துவிட்டது. போன வாரம் சூளை அறைக்குப் பின்னால் பப்பாளி வைக்கக் குழி தோண்டினேன், ஒரு சாக்கு வந்தது. உள்ளே ஜப்பான்காரன் காலத்துப் பச்சை பாட்டில்கள், உடைத்துக் கழுவித் துணியில் சுற்றியபடி. அவர்தான் பத்திரப்படுத்தியிருக்கிறார். சொல்லாமல் போய்விட்டாரே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒன்று சொல்கிறேன். ஐம்பத்தேழில் நாற்பது பச்சைக் கண்ணாடியும் நாசமானதற்கு நான்தான் காரணம். நிறம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கிற ஆசையில், ஆறுவதற்குள் இரண்டாம் நாளே கதவைத் திறந்தேன். ஒரு மாதத்துக்குள் நாற்பதும் விரிசல் விட்டுப் போயின. நான் இல்லை என்று சொல்லவில்லையே. ஆனால் சாவு வீட்டில் வைத்து எல்லார் முன்னாலும், "கதவு திறந்த கைக்குச் சூளை எதுக்கு" என்று கேட்டீர்கள். அந்தக் கைதான் இதை எழுதுகிறது. இந்தத் தடவை மூன்று நாள் முழுசாக ஆறும்வரை கதவைத் தொடமாட்டேன்.

செல்லம் ரங்கத்தில் புகுந்த வீட்டில் சுகமாக இருக்கிறாள். ஐந்தாம் மாதம். சித்தப்பாவுக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

மீனாம்பாள்


பெரம்பூர், சென்னை
19-6-1963

அண்ணிக்குத் துரைசாமியின் வணக்கம்.

செல்லம் விஷயம் படித்து மனசு நிறைந்தது. அவளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது. சூளையை மூட்டுவதற்கு முன் உள்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். அந்த ஊர் மழையில் இரண்டு வருஷம் கிடந்த சூளை, கட்டாயம் ஈரம் குடித்திருக்கும். ஒரு நாள் வெறுமனே எரித்து உலர்த்துங்கள். கதவு விளிம்பில் விரிசல் இருந்தால் செங்கல் பொடியையும் களிமண்ணையும் குழைத்துப் பூசுங்கள். கண்ணாடி வைக்கிற தட்டில் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி தட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாலு மணி நேரம் விறகு ஒவ்வொன்றாகத்தான். பார்வைத் துளையில் பார்த்தால் உள்ளே செம்பருத்தி நிறம் வரும். பிறகு மாம்பழ நிறம். கண்ணாடியின் ஓரக் கூர் மழுங்கியதும் கால் மணி நேரம் அதே சூட்டில் நிறுத்திவிட்டு, விறகை இழுத்துப் போட்டு, துளைகளை எல்லாம் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மூன்று நாள்.

அண்ணி, அந்தச் சாக்கைத் தொடாதீர்கள்.

இந்த வரியை எழுதிவிட்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். பாட்டில் கண்ணாடியும் தகட்டுக் கண்ணாடியும் ஒரே குணம் இல்லை. ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும். வெளியே பார்த்தால் அழகாக ஒட்டியிருக்கும், உள்ளே இரண்டும் இழுத்துக்கொண்டே கிடக்கும். பத்து நாளோ நாற்பது நாளோ கழித்து யாரும் தொடாமலே விரியும். விளக்கில் கண்ணாடி விழுந்தால் காற்றில் திரி அணைந்துவிடும். எதிரே மரம் இழுத்து வருகிற படகுக்காரனுக்கு இருட்டில் லாஞ்ச் இருப்பதே தெரியாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். வெள்ளையில் ஒரு சில்லு, பச்சையில் ஒரு சில்லு, இரண்டையும் சேர்த்துக் கரி அடுப்பில் உருக்கி, இடுக்கியால் நூல் மாதிரி இழுங்கள். ஆறிய பிறகு நூல் நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். வளைந்தால் ஆகாது.

நல்ல பச்சைத் தகடு ஒரு பெட்டி வாங்கி இதே கப்பலில் அனுப்புகிறேன். பக்தவத்சலத்துக்கு நானும் ஒரு வரி எழுதட்டுமா?

துரைசாமி


ஷாதிபூர்
6-7-1963

துரைசாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது லாஞ்சில் விளக்கு ஏறிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. உங்கள் கப்பலுக்காகக் காத்திருந்தால் பக்தவத்சலம் கோடவுனுக்கு அஸ்திவாரமே போட்டிருப்பார். நேரத்தை நானே குத்துமதிப்பாகப் போட்டேன். பன்னிரண்டும் முத்து மாதிரி வந்தன. லாஞ்ச் ஓட்டுகிற செராங்கு உதயசூரியன் பச்சையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எக்தம் அசல் கல்கத்தா மால் மாதிரி இருக்கு அக்கா" என்றான். இன்று வரை ஒரு கீறல் இல்லை.

நீங்கள் சொன்ன நூலையும் இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வளைந்தது. கையால் இழுத்தால் எது நேராக வரும்? உங்கள் பெட்டியை நான் பிரிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். ஐம்பத்தேழில் போட்டது நல்ல பச்சைத் தகடு, கப்பலிலிருந்து நீங்களே இறக்கி வந்தது. அது ஏன் விரிந்தது? கதவைத் திறந்ததால். இந்தத் தடவை கதவைத் திறக்கவில்லை, அதனால் விரியாது. இதில் பாட்டில் எங்கே வந்தது, குணம் எங்கே வந்தது? அண்ணி தனியாக நின்று சூளை வைத்துப் பிழைத்துவிடுவாளோ என்று உங்களுக்கு வயிறு எரிகிறது. அதைச் சொல்லிவிட்டுப் போங்களேன்.

கதவைத் திறந்த பாவத்துக்கு நான் பட்டது போதும். உங்கள் அண்ணன் பதினோரு மாதம் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். நீங்களும் அதே வீட்டில்தான் இருந்தீர்கள். நீங்கள் பார்த்ததுதானே.

பக்தவத்சலத்துக்கு எழுதினால் என் பிழைப்பில் மண். எழுதுங்கள், தடுக்கவா போகிறேன்?

ஆகஸ்டு ஏழாம் தேதி செல்லத்துக்கு ரங்கத்தில் வளைகாப்பு. அன்று சாயங்காலமே லாஞ்சில் ஏற்றி எட்டாம் தேதி காலை இங்கே கொண்டுவருகிறார்கள். தலைப்பிரசவம் என் வீட்டில். என் பெண் நான் செய்த விளக்கு வெளிச்சத்தில் வரப் போகிறாள். அதையும் எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

மீனாம்பாள்


சென்னை
21-7-1963

அண்ணி,

தந்தி அடித்துவிட்டேன், உங்களுக்கு ஒன்று, பக்தவத்சலத்துக்கு ஒன்று. 'பச்சை விளக்கை இறக்கு' என்று. நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்ப வைக்க என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னால் அப்புறம் என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள். செல்லம் அந்த லாஞ்சில் வருகிறாள் என்று படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சாக்கைப் புதைத்தவன் நான். அண்ணன் இல்லை.

ஐம்பத்தேழில் பச்சைத் தகட்டுப் பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்கப் போனேன் அல்லவா. கப்பல்துறை ஜெட்டியில் கை வழுக்கிப் பெட்டி கடலுக்குள் போய்விட்டது. அண்ணன் மூன்று மாதம் காத்திருந்து வரவழைத்த பெட்டி. எனக்கு இருபத்துநாலு வயது. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்து, கடற்கரையில் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் கட்டிய பதுங்கு பங்கருக்குள் கிடந்த பாட்டில்களைப் பொறுக்கி வந்து உடைத்துப் பொடித்து வைத்துவிட்டேன். பொடித்த பிறகு பச்சை எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது. அண்ணன் அதைத்தான் பரப்பினார்.

விரிசல் விட ஆரம்பித்ததும், கண்ணாடி சரியில்லையோ என்று அண்ணன் கேட்பதற்கு வாயெடுத்தார். அதற்குள் நீங்கள் வந்து, "நான்தான் கதவைத் திறந்தேங்க" என்று அழுதீர்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அதுதான் உண்மை. நீங்கள் திறந்தது ஒரு கை அகலம்கூட இருக்காது. அதனால் நாற்பதும் போகாது. போனது என்னால்.

சாவு வீட்டில் நான் கேட்ட அந்தக் கேள்வியும் பயத்தில் கேட்டதுதான். நீங்கள் சூளை வைத்தால் என்றைக்காவது இது வெளியே வந்துவிடும் என்ற பயம். மீதிப் பாட்டிலைக் கடலில் வீசியிருக்கலாம். வீசாமல் ஏன் புதைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். விளக்கை முதலில் இறக்குங்கள் அண்ணி. எட்டாம் தேதிக்குள்.

துரைசாமி


ஷாதிபூர்
11-8-1963

துரைசாமிக்கு,

செல்லம் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள்.

உன் தந்தி வந்தபோது பக்தவத்சலம் தனக்கு வந்ததையும் எடுத்துக்கொண்டு வந்து, "என்னம்மா இது?" என்று கேட்டார். "குடும்பத் தகராறு, கண்டுக்காதீங்க" என்று சொன்னவள் நான். கடிதம் ஆறாம் தேதி கப்பலில் வந்தது. லாஞ்ச் ஐந்தாம் தேதியே ரங்கத் போய்விட்டது. வாசலில் நின்றபடி படித்தேன். செருப்புக்கூடப் போடாமல் பக்தவத்சலம் வீட்டுக்கு ஓடி, நடந்ததைச் சொல்லி, லாஞ்சைப் பகலில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். வயர்லெஸ்ஸில் சொல்லப் பார்த்தார்கள். ரங்கத்தில் மழை, லைன் எடுக்கவில்லை. இரண்டு நாளும் முயற்சி செய்தார்கள்.

எட்டாம் தேதி விடியும்போதே படகுத்துறை ஜெட்டியில் போய் நின்றேன். ஏழு மணிக்கு வர வேண்டியது பத்து வரை வரவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் உன்னை எத்தனை தடவை சபித்தேன், என்னை எத்தனை தடவை சபித்தேன் என்று கணக்கில்லை. பத்தரைக்கு வந்தது. வலப்பக்க விளக்கில் வெறும் கம்பிதான் இருந்தது.

உதயசூரியன் இறங்கினதும் என்னிடம்தான் வந்தான். "ஹரா பத்தி, பச்ச விளக்கு, காலி அக்கா. நல்லாத்தான் எரிஞ்சுது, மழ கூட நின்னுடுச்சு, சும்மா இருக்கும்போதே டப்புனு போச்சு" என்றான். ஒரு மர இழுவைப் படகு வலப்பக்கம் நேராக வந்திருக்கிறது. இவன் சட்டையைக் கழற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் கழியில் தூக்கிக் காட்டியிருக்கிறான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்தப் படகு விலகிப் போனதாம். அப்புறம் ஓடைக்குள் நங்கூரம் போட்டுவிட்டு, விடிந்த பிறகு புறப்பட்டிருக்கிறான். செல்லம் கையில் வளைகாப்பு வளையல் பாதி உடைந்திருந்தது. "சித்தப்பா தந்தி குடுத்தாராமே, ஏம்மா நீ கேக்கல?" என்றாள். தந்தி விஷயத்தைச் செராங்கு சொல்லியிருக்கிறான்.

பக்தவத்சலம் வீட்டில் மாற்றுக்கு இருந்த மீதி ஐந்து பச்சையையும் வாங்கி, அவர் கண் முன்னாலேயே சுத்தியலால் உடைத்தேன். "சிவப்பு இருக்கட்டும். பச்சை சரியா வந்தாத்தான் இடம் உங்களுக்கு. மார்கழி வரைக்கும் பார்க்கிறேன்" என்றார். நல்ல மனுஷர்.

இப்போது உனக்கு. நீ சொன்னதால் என் பெண் பிழைக்கவில்லை, செராங்கு சட்டையால் பிழைத்தாள். நீ ஆறு வருஷம் முன்னால் வாய் திறந்திருந்தால் அந்தச் சாக்கு என் கைக்கே வந்திருக்காது. ஆனால் தந்தியை மதிக்காதது நான். அதை உன் தலையில் போடமாட்டேன்.

நோட்டை அனுப்பு. அந்தப் பக்கத்தில் உன் அண்ணன் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மீனா கதவைத் திறந்தாள் என்று இருக்கும். அதற்குக் கீழே உன் கையால் நடந்ததை எழுது. எழுதி அனுப்பு. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மீனாம்பாள்


சென்னை
30-8-1963

அண்ணி,

நோட்டை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆனால் பிரிப்பதற்கு முன் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். கடிதம் முன்னால் போகட்டும் என்றுதான் நோட்டை அடுத்த கப்பலுக்குப் போட்டேன். அண்ணன் அந்தப் பக்கத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். முதலாவது நீங்கள் நினைக்கிறதுதான். இரண்டாவது அதற்கு அடுத்த வருஷம், வேறு மையில். நான் நோட்டைத் திருடிக்கொண்டு வந்தது அந்த இரண்டாவதுக்காக. அவர் போன பிறகுதான் அதைப் பார்த்தேன். நீங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். உங்களுக்காகவா, அவருக்காகவா, எனக்காகவா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கிழித்துவிட்டு அனுப்பலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மறுபடியும் மறைக்க மனசு வரவில்லை.

செல்லத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துரைசாமி


ஷாதிபூர்
29-9-1963

தம்பி துரைசாமிக்கு,

நோட்டு வந்தது. படித்தேன். உனக்கு மனப்பாடமாக இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன், என் கையாலும் ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்.

'22-7-58. சூளைக்குப் பின்னால் சாக்கு கிடைத்தது. வெள்ளையோடு சேர்த்து நூல் இழுத்தேன். வளைந்தது. கதவு காரணம் இல்லை. தம்பி வேலை. மறுபடி மூடிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.'

அந்தத் தேதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அன்று மத்தியானம் கையில் மண்ணோடு வந்தார். கழுவிக்கொண்டு உட்கார்ந்து, "மீனா, சோறு போடு" என்றார். பதினோரு மாதம் கழித்து முதல் பேச்சு. என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் கோவிலில் தேங்காய் உடைத்தேன். மன்னிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்துகொண்டு வந்துதான் அந்த மனுஷன் சோறு கேட்டிருக்கிறார். தம்பியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. பெண்டாட்டி சுமந்தால் சுமக்கட்டும், பழகிவிட்டாள் என்று இருந்துவிட்டார்.

உன் மேல் உள்ள கோபத்தை உனக்கு எழுதிவிடலாம். அவர் மேல் உள்ளதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? படத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். செல்லம் பயந்துபோய் என்னைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளாகப் படத்துக்குப் பூ வைக்கவில்லை. ஐந்தாம் நாள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே.

உன் பெட்டியைப் பிரித்தேன். பச்சைத் தகட்டில் ஒரு சில்லும் வெள்ளையில் ஒரு சில்லும் எடுத்து நூல் இழுத்தேன். நேராக நின்றது. செல்லத்திடம் கொடுத்தேன், ஜன்னலில் சொருகி வைத்திருக்கிறாள். இருபத்துநாலாம் தேதி சூளை மூட்டினேன். தட்டைச் சுரண்டிப் புதுப் பூச்சு, நீ எழுதின நேரம், எல்லாம் அப்படியே. இரண்டாம் நாள் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும், ஆனாலும் கை கதவுப் பக்கம் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஐப்பசியில் செல்லத்துக்கு நாள். நீ வர வேண்டும். வந்து, அவளிடம் உன் வாயால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உன் அண்ணனைப் பற்றி நான் சொல்லிக்கொள்கிறேன், அதை நீ சொல்லாதே. சொல்லி முடித்த பிறகு சூளைக்கு விறகு போடு. பக்தவத்சலம் இன்னும் ஆறு கேட்கிறார், நான் ஒருத்தி எத்தனை வேலை பார்ப்பது?

நோட்டில் நானும் எழுதிவிட்டேன். உன் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது.

'27-9-63. பச்சை ஆறு. ஆறும் நன்று. மூன்றாம் நாள் கதவு திறந்தது மீனாம்பாள்.'

அண்ணி